ஆம்பூரில் இரண்டு எல்லை ரவுட்டர், ஒரு /20: ஓஎஸ்பிஎஃப் சம்மரி போட்டபோது நடந்ததும் சரிசெய்ததும்

ஓஎஸ்பிஎஃப் என்பது எந்த முகவரிக்கு எந்த வழி என்று ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் முறை. பல ரூட்டுகளை ஒரே வரியாகச் சுருக்கிச் சொல்வது சம்மரி. சம்மரி போட்ட மறுநாள் காலை ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு மூன்று ஊர்க் கிளைகளிலும் பில் போடும் சாஃப்ட்வேர் நகரவே இல்லை. எந்த லிங்கும் விழவில்லை. பிங் போய்க்கொண்டுதான் இருந்தது, ஆனால் வழக்கமாக 8 மில்லிசெகண்டில் வரும் பதில் 400-ஐத் தாண்டி வந்தது. கிளையிலிருந்து வேலூருக்கு ஃபைல் அனுப்பினால் முழு வேகம் கிடைத்தது, வேலூரிலிருந்து இறக்கினால் 20 எம்பிபிஎஸ் தாண்டவில்லை. ஆம்பூருக்குப் போகும் 100 எம்பிபிஎஸ் லீஸ்டு லைனின் கிராஃபில் இறங்கும் பக்கம் ஏறக்குறைய காலியாகக் கிடந்தது. பேக்கப்புக்காக வாங்கி வைத்திருந்த 20 எம்பிபிஎஸ் லைன் நிரம்பி வழிந்தது.

முந்தைய இரவு செய்த மாற்றம் ஒரே ஒரு வரி. அந்த வரியில் எழுத்துப் பிழையோ மாஸ்க் பிழையோ கிடையாது. போட வேண்டிய இரண்டு ரவுட்டரில் ஒன்றில் மட்டும் போட்டதுதான் கோளாறு.

நெட்வொர்க்கின் அமைப்பு இது. தோல் பதனிடும் ஆலைகளும் ஷூ தைக்கும் யூனிட்டுகளும் உள்ள ஒரு குழுமம். ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க்கை ஏரியா என்ற பகுதிகளாகப் பிரிக்கும், மற்றவை வந்து இணையும் நடுப்பகுதி ஏரியா 0. தலைமை அலுவலகமும் சர்வர்களும் வேலூரில் இருக்கின்றன, அது ஏரியா 0. ராணிப்பேட்டை, வாலாஜாபேட்டை, மேல்விஷாரம், ஆற்காடு சேர்ந்தது ஏரியா 1. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, குடியாத்தம் குடோன் சேர்ந்தது ஏரியா 2. ஏரியா 1-ஐ ஏரியா 0-வோடு இணைக்கும் எல்லை ரவுட்டர் ஒன்றுதான், அங்கே பெரிய சிக்கல் வரவில்லை. ஏரியா 2-க்கு இரண்டு. ஆம்பூர்-1 வேலூரோடு 100 எம்பிபிஎஸ் லைனில் இணைகிறது, ஆம்பூர்-2 வேறொரு நிறுவனத்தின் 20 எம்பிபிஎஸ் லைனில். ஏரியாவுக்குள் ஒரு வளையம் ஓடுகிறது: ஆம்பூர்-1-லிருந்து வாணியம்பாடிக்கு ஃபைபர், வாணியம்பாடியிலிருந்து பேரணாம்பட்டுக்கு லீஸ்டு லைன், பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூர்-2-க்கு ரேடியோ லிங்க். குடியாத்தம் பேரணாம்பட்டில் தொங்குகிறது. இரண்டு ஆம்பூர் ரவுட்டர்களுக்கும் நடுவே நேர் லிங்க் ஒன்று உண்டு, அது ஏரியா 0-வில் இருந்தது. இந்தக் கடைசி விவரம் பின்னால் முக்கியமாகிறது. ரவுட்டர்கள் எல்லாம் சிஸ்கோ ஐஓஎஸ்.

வேலூர் ரவுட்டரின் ரூட்டிங் டேபிளில் இருந்தவை, லூப்பேக்குகளை (ரவுட்டருக்குள்ளேயே இருக்கும் கற்பனை இன்டர்ஃபேஸ்களின் முகவரிகளை) விட்டுவிட்டு, 34 ரூட்டுகள். இன்றைய ரவுட்டருக்கு 34 ஒரு சுமையே இல்லை. 3,400 இருந்தாலும் தாங்கும். மெமரி மிச்சம் பிடிக்கவே சம்மரி என்று சொல்லிக்கொடுப்பதை இந்த அளவு நெட்வொர்க்கில் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே காரணம் பேரணாம்பட்டு ரேடியோ லிங்க். அதன் ஈதர்நெட் போர்ட் எப்போதும் அப்-ஆகவே நிற்கும், காற்றில் போகும் சிக்னல் மட்டும் அறுபடும். பக்கத்து ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் ஹலோ செய்தி 10 நொடிக்கு ஒருமுறை, டெட் டைமர் 40 நொடி. 40 நொடி ஹலோ வராவிட்டால் நெய்பர் விழும், சிக்னல் வந்ததும் எழும். ஒவ்வொரு முறையும் பேரணாம்பட்டு, குடியாத்தம் சப்நெட்டுகளை ஆம்பூர்-2 திரும்பப் பெறும், பிறகு மறுபடி சொல்லும். சப்நெட் சாகவில்லை, ஆம்பூர்-2 வழி மட்டும்தான் போய் வந்தது. அதற்கே டைப் 3 எல்எஸ்ஏ-க்கள் (ஓர் ஏரியாவின் ரூட்டுகளை மற்ற ஏரியாக்களுக்குச் சொல்லும் செய்திகள்) புதிதாகக் கிளம்பி வேலூர் வழியாக ஆற்காடு வரை போகும். மற்ற ஏரியாக்களில் முழு எஸ்பிஎஃப் (குறுகிய பாதைக் கணக்கு) ஓடாது, ஏரியாக்களுக்கு இடையிலான ரூட்டுகளை மட்டும் ரவுட்டர்கள் திரும்பக் கணக்கிடும் என்பது உண்மை. ஆனாலும் பேரணாம்பட்டில் ஒரு கம்பத்தில் நடப்பது ஆற்காடு ரவுட்டரின் லாகில் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

ஏரியா 2-க்கு ஒதுக்கியது 10.20.32.0 முதல் 10.20.47.255 வரை. எந்த மாஸ்க் (முகவரியில் முதல் எத்தனை பிட் பொது என்பது) என்பதற்கு மூன்றாவது ஆக்டெட்டை, அதாவது புள்ளிகளுக்கு நடுவே வரும் மூன்றாவது எண்ணை, மட்டும் பிட்டாக எழுதினால் போதும்.

32 = 0010 0000
47 = 0010 1111
48 = 0011 0000

32-லிருந்து 47 வரை முதல் நான்கு பிட்டும் 0010. 48-ல் அது மாறிவிடுகிறது. முதல் இரண்டு ஆக்டெட்டின் 16 பிட்டோடு இந்த 4 சேர்ந்தால் /20, மாஸ்க் 255.255.240.0. இன்னும் ஒரு பிட் விட்டு /19 போட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். போட்டால் 63 வரை ஆம்பூர் உரிமை கொண்டாடும். 48 முதல் 63 வரை அடுத்து வரப்போகும் ஏரியாவுக்கு ஒதுக்கியது. அந்த ஏரியா வரும் நாளில் பழைய /19-ஐ யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். தொடக்கத்திலேயே 16-இன் மடங்கில், 16, 32, 48 என்று தொகுதிகளைப் பிரித்து வைத்தது இந்தத் திட்டத்தில் செய்த நல்ல காரியம். 30 முதல் 45 வரை என்று கொடுத்திருந்தால் ஒரே வரியில் சுருக்கவே முடியாது.

அன்றிரவு ஆம்பூர்-1-ல் ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப் 1-க்குள் போட்டது:

ஏரியா 2 ரேஞ்ச் 10.20.32.0 255.255.240.0

போட்டவுடன் ஆம்பூர்-1 தன் 17 ரூட்டுகளையும் (13 /24, 4 /30) மறைத்து ஒரு /20 மட்டும் சொன்னது. ஆம்பூர்-2 எப்போதும்போல 17-ஐயும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. வேலூர் டேபிளில் இரண்டும் உட்கார்ந்தன. 10.20.38.10-க்கு ஒரு பாக்கெட் வந்தால் வேலூர் ரவுட்டர் முதலில் பார்ப்பது எந்த ரூட் நீளமாகப் பொருந்துகிறது என்பதை. /24 நீளம், /20 குட்டை. காஸ்ட் (ஒரு வழிக்கு ஓஎஸ்பிஎஃப் தரும் எண், குறைந்ததே மேல்) பார்ப்பது ஒரே நீளமுள்ள இரண்டு ரூட்டுக்கு நடுவில்தான். ஆகவே 100 எம்பிபிஎஸ் லைன் காஸ்ட்டில் எவ்வளவு மலிவாக இருந்தாலும் பலனில்லை, அத்தனை பாக்கெட்டும் விவரமாகச் சொன்ன ஆம்பூர்-2 வழியாகவே போனது. கிளையிலிருந்து வேலூருக்கு வரும் பாதையை இது தொடவில்லை. அதனால்தான் ஏற்றம் வேகமாகவும் இறக்கம் மந்தமாகவும் இருந்தது. இந்த ஒருபக்க மந்தம் தெரிந்தால், லைன் கொடுத்த நிறுவனத்துக்குப் புகார் போடும் முன் வேலூரில் ஷோ ஐபி ரூட் 10.20.38.10 என்று ஒரு வரி அடித்துப் பார்க்க வேண்டும். பதில் /24 என்றும் நெக்ஸ்ட் ஹாப் ஆம்பூர்-2 என்றும் வந்தால் காரணம் கையில் இருக்கிறது.

சரிசெய்தது எளிது, அதே வரியை ஆம்பூர்-2-லும் போட்டாயிற்று. ஆனால் இதில் வரிசை முக்கியம், அதைப் பலர் யோசிப்பதில்லை. இரண்டு ரவுட்டரில் ஒரே நொடியில் யாராலும் எண்டர் தட்ட முடியாது. நடுவே இருக்கும் சில நிமிடங்களில் சுருக்காமல் நிற்கும் ரவுட்டருக்கே எல்லா டிராஃபிக்கும் போகும். அது தாங்கக்கூடிய ரவுட்டராக இருக்க வேண்டும். எனவே முதலில் ஒல்லியான லைன் உள்ள ஆம்பூர்-2-ல் போட வேண்டும், பிறகு ஆம்பூர்-1-ல். திரும்ப எடுக்கும்போது தலைகீழாக, முதலில் ஆம்பூர்-1-ல் எடுத்துவிட்டுப் பிறகு ஆம்பூர்-2-ல். இதை மாற்றத் திட்டத்தின் தாளில் எழுதி வைக்காமல் ராத்திரி 11 மணிக்கு மூளையை நம்பக் கூடாது.

அடுத்து காஸ்ட். லைன் வேகம் 20 எம்பிபிஎஸ் என்பது ரவுட்டருக்குத் தெரியாது. அதற்குத் தெரிவது போர்ட்டின் வேகம். இரண்டு லைனும் ஜிகாபிட் போர்ட்டில் வந்து ஏறியதால் 100-க்கும் 20-க்கும் ஒரே காஸ்ட். இரண்டு பக்கமும் /20 ஆனதும் வேலூர் பாதிப் பாதியாகப் பிரித்து அனுப்பத் தொடங்கியது, ஒல்லி லைன் மறுபடி அடைத்துக்கொண்டது. ரெஃபரன்ஸ் பேண்ட்வித்தை (இதை வேகத்தால் வகுத்தால் வருவது காஸ்ட்) எல்லா ரவுட்டரிலும் 10000 என்று ஒரேமாதிரி வைத்து, வேலூரிலிருந்து போகும் இன்டர்ஃபேஸ்களில் ஐபி ஓஎஸ்பிஎஃப் காஸ்ட் 100, ஐபி ஓஎஸ்பிஎஃப் காஸ்ட் 500 என்று கையால் எழுதிய பிறகுதான் பேக்கப் லைன் பேக்கப்பாக நின்றது. எதிர்முனை இன்டர்ஃபேஸ்களிலும் அதே எண்களைப் போட வேண்டும். ஒரு முனையில் மட்டும் போட்டால் போகும் வழி ஒன்று, வரும் வழி வேறு என்றாகும்.

சம்மரிக்கும் ஒரு காஸ்ட் உண்டு, இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. ஓஎஸ்பிஎஃப்-ன் பழைய தர ஆவணமான ஆர்எஃப்சி 1583 சொன்ன முறையில், சுருக்கப்பட்ட சப்நெட்டுகளில் எது மிகக் குறைவோ அதுவே சம்மரியின் காஸ்ட். 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2328 மிக அதிகமானதை எடுக்கச் சொல்கிறது. சிஸ்கோ ஐஓஎஸ் இயல்பாகப் பழைய முறையோடு ஒத்துப்போகும்படி இருக்கிறது. இதனால் வரும் தொல்லை: ஆம்பூர்-1-ன் பக்கத்தில் இருக்கும் மலிவான லேன் விழுந்தால் குறைந்த காஸ்ட் மாறும், சம்மரி எல்எஸ்ஏ புதிதாகக் கிளம்பும். மறைக்கத்தான் சம்மரி போட்டோம், அதுவே காஸ்ட் வழியாக உள்ளே நடப்பதை வெளியே சொல்கிறது. வேறு கம்பெனி ரவுட்டர் ஒன்று இரண்டாவது எல்லையாக இருந்தால் ஒன்று குறைந்ததையும் மற்றது அதிகமானதையும் எடுக்கும் ஆபத்தும் உண்டு. இரண்டுக்கும் மருந்து ஒன்றே:

ஏரியா 2 ரேஞ்ச் 10.20.32.0 255.255.240.0 காஸ்ட் 50

இரண்டு ஆம்பூரிலும் 50. வேலூரில் ஆம்பூர்-1 வழி 150, ஆம்பூர்-2 வழி 550 என்று கணக்கு வரும். டேபிளில் 110/150 என்று கண்ணால் பார்த்துச் சரிபார்க்கலாம். உள்ளே ஒரு சப்நெட்டாவது உயிரோடு இருக்கும் வரை இந்த எண் அசையாது.

இதெல்லாம் ஆன பிறகு வந்ததுதான் உண்மையில் கெட்ட கோளாறு. வாணியம்பாடிக்கும் பேரணாம்பட்டுக்கும் இடையிலான லீஸ்டு லைன் ஒரு மதியம் அறுந்தது. பேரணாம்பட்டுக்கு ஆம்பூர்-2-லிருந்து ரேடியோ லிங்க் நன்றாகவே இருந்தது. ஆனாலும் பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூருக்கு முழுக்கத் தொலைந்துபோயின. சம்மரி போடுவதற்கு முன் இதே லைன் அறுந்தபோது யாரும் கவனித்ததுகூட இல்லை.

நடந்தது இது. லைன் அறுந்ததும் ஏரியா 2 இரண்டு துண்டாகியது. ஆம்பூர்-1-க்கு வாணியம்பாடி மட்டும் தெரியும், ஆம்பூர்-2-க்குப் பேரணாம்பட்டும் குடியாத்தமும் மட்டும் தெரியும். இரண்டும் தன்னிடம் இல்லாததையும் சேர்த்து முழு /20-ஐயும் சொல்லிக்கொண்டே இருந்தன. காஸ்ட் குறைவு என்பதால் வேலூர் எல்லாவற்றையும் ஆம்பூர்-1-க்கு அனுப்பியது. பேரணாம்பட்டு பாக்கெட் அங்கே வந்தால் ஆம்பூர்-1-ன் டேபிளில் அதற்கு /24 இல்லை, பொருந்துவது அதுவே தனக்கு உருவாக்கிக்கொண்ட 10.20.32.0/20 நல்-ஜீரோ ரூட் மட்டும். அந்த இன்டர்ஃபேஸ் குப்பைக்குழி, விழுந்த பாக்கெட் திரும்பாது. முன்பெல்லாம் ஆம்பூர்-2 தனித்தனி /24-களை ஏரியா 0 வழியாகச் சொன்னதால் ஆம்பூர்-1 நேர் லிங்க் வழியே அனுப்பிவிடும். இப்போது அந்த விவரத்தை மறைத்ததும் நாம்தான்.

நேர் லிங்க் இருந்தும் ஏன் உதவவில்லை? அது ஏரியா 0-வில் இருந்தது. ஏரியா 2-ன் உள் விவரம் ஏரியா 0 லிங்க் வழியாக உள் விவரமாகப் போகாது, சம்மரியாகத்தான் போகும். ஓர் ஏரியாவை இரண்டு எல்லை ரவுட்டரில் சுருக்கினால், அந்த இரண்டுக்கும் நடுவே அதே ஏரியாவில் ஒரு லிங்க் கட்டாயம் வேண்டும். இங்கே புது கேபிள் இழுக்கவில்லை. இருந்த கேபிளிலேயே இன்னொரு விலேன் (ஒரே கேபிளில் தனியாக ஓடும் நெட்வொர்க்) போட்டு, சப்-இன்டர்ஃபேஸில் 10.20.47.16/30 கொடுத்து அதை ஏரியா 2-ல் சேர்த்தாயிற்று. ஒரே லிங்கை இரண்டு ஏரியாவிலும் வைக்க ஆர்எஃப்சி 5185 வழி சொல்கிறது, அதை ஏற்கும் ஐஓஎஸ் இருந்தால் அதுவும் ஆகும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு வேறொருவர் வந்து பார்த்தாலும் சட்டென்று புரியும் என்பதால் இங்கே விலேன் முறையே மேல். இந்தப் புது /30 வேலூர் டேபிளில் ஒரு வரியைக்கூடக் கூட்டவில்லை, /20-க்குள் அடங்கிப்போனது.

நல்-ஜீரோ ரூட்டைப் பார்த்துச் சிலருக்குக் கோபம் வரும். நோ டிஸ்கார்ட்-ரூட் இன்டர்னல் என்று போட்டு அதை எடுத்துவிடலாம் என்ற யோசனை இந்தக் கோளாறின்போதும் எழுந்தது. எடுக்கக் கூடாது. 10.20.46.0 யாரும் பயன்படுத்தாத சப்நெட். வைரஸ் பிடித்த ஒரு கம்ப்யூட்டர் அதிலுள்ள முகவரிகளைத் தட்டிப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேலூர் /20-ஐப் பார்த்து ஆம்பூருக்கு அனுப்பும். நல்-ஜீரோ இல்லாத ஆம்பூர் தன் டிஃபால்ட் ரூட்டைப் பார்த்து வேலூருக்கே திருப்பி அனுப்பும். டிடிஎல் (ஒரு பாக்கெட் எத்தனை ரவுட்டரைத் தாண்டலாம் என்ற எண்) தீரும் வரை ஒவ்வொரு பாக்கெட்டும் அந்த லைனில் போய்வந்து போய்வந்து ஓடும். ஒரு பாக்கெட் பல பத்து பாக்கெட்டின் இடத்தைத் தின்னும். குப்பைக்குழி இருப்பதால்தான் குப்பை வீதிக்கு வருவதில்லை.

ராணிப்பேட்டை பக்கம் ஏரியா 1 ரேஞ்ச் 10.20.16.0 255.255.240.0 போட்டு 12 ரூட்டுகள் ஒன்றாயின. ஆனால் 10.20.24.0 முதல் 27.0 வரை நான்கு /24 மட்டும் வேலூரில் ஓ இ2 (ஓஎஸ்பிஎஃப்-க்கு வெளியிலிருந்து வந்த ரூட்) என்ற அடையாளத்தோடு அப்படியே நின்றன. அவை வாலாஜாபேட்டை ரவுட்டரில் ஸ்டாட்டிக் ரூட்டாக எழுதி ஓஎஸ்பிஎஃப்-க்குள் ரீடிஸ்ட்ரிபியூட் செய்தவை, கேமரா நெட்வொர்க். ஏரியா ரேஞ்ச் அந்த ஏரியாவின் உள் ரூட்டுகளை மட்டுமே சுருக்கும், வெளியிலிருந்து வந்த டைப் 5-ஐத் தொடாது. அவற்றைக் கொண்டுவந்த ரவுட்டரிலேயே சுருக்க வேண்டும். 24 = 0001 1000, 27 = 0001 1011, முதல் ஆறு பிட் ஒன்று, ஆக /22. வாலாஜாபேட்டையில்:

சம்மரி-அட்ரஸ் 10.20.24.0 255.255.252.0

ஓஎஸ்பிஎஃப்-ல் இந்த இரண்டு இடங்களைத் தவிர வேறெங்கும் சுருக்க முடியாது. ஓர் ஏரியாவுக்குள் எல்லா ரவுட்டரின் வரைபடமும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். சிஸ்கோவின் இன்னொரு ரூட்டிங் முறையான இஐஜிஆர்பி பழகியவர்களுக்கு இது இறுக்கமாகத் தோன்றும், அங்கே எந்த இன்டர்ஃபேஸிலும் சுருக்கலாம்.

வேலூர் டேபிளில் இப்போது 34-க்குப் பதில் 4 வரி: இரண்டு /20, ஒரு /22, ஒட்டாமல் நிற்கும் ஒரு /24. அந்த ஒட்டாதது 10.20.44.0. எண்ணைப் பார்த்தால் ஆம்பூர் பக்கம், இருப்பது ராணிப்பேட்டையில். வாணியம்பாடியிலிருந்து ஒரு பிரிவு இடம் மாறியபோது முகவரியையும் கூடவே எடுத்துப்போனது, மெஷின்களுக்குள் ஐபி-யைக் கையால் எழுதியிருந்ததே காரணம். /24 நீளம் என்பதால் பாக்கெட் சரியாக ராணிப்பேட்டைக்குப் போகிறது, வேலை கெடவில்லை. ஆனால் அந்த சப்நெட் விழும் நாளில் பாக்கெட் ஆம்பூர்-1-ன் நல்-ஜீரோவில் போய்ச் சாகும், டிரேஸ்ரூட் ஆம்பூரைக் காட்டும், ஆள் தப்பான ஊருக்குக் கிளம்புவார். அந்த மெஷின்களை டிஹெச்சிபி-க்கு மாற்றி 10.20.22.0-க்குக் கொண்டுவரும் வரை ஆம்பூர், ராணிப்பேட்டை எல்லை ரவுட்டர்களின் கான்ஃபிகில் 44-க்கு ஒரு குறிப்பு வரி எழுதியிருக்கிறது.

முகவரியை எதை வைத்துப் பிரிப்பது என்பதில் இந்த வட்டாரத்துக்கு அனுபவம் உண்டு. 1989-இல் வட ஆற்காடு இரண்டானது, 2019-இல் வேலூர் மூன்றானது. மாவட்டத்தை வைத்து சப்நெட் பிரித்திருந்தால் இரண்டு முறை கலைத்திருக்க வேண்டும். தபால்காரர்கள் 1972-லேயே வழியைப் பார்த்துப் பிரித்துவிட்டார்கள். குடியாத்தம் 632602, பேரணாம்பட்டு 635810. இரண்டும் இன்றும் வேலூர் மாவட்டம்தான், ஆனால் பேரணாம்பட்டின் பின்கோடு ஆம்பூரின் 635802-ஓடு சேர்ந்து நிற்கிறது. தூரத்து ஊரில் தபால் பிரிப்பவர் முதல் மூன்று எண்ணைப் பார்த்துப் பையில் போடுவார், தெருவைப் பார்ப்பதில்லை. அதுவும் சம்மரிதான். நம் திட்டத்தில் குடியாத்தம் 632 ஆனாலும் பேரணாம்பட்டு கேபிளில் தொங்குவதால் ஏரியா 2-ன் எண்ணையே பெற்றது. கேபிள் எப்படிப் போகிறதோ எண்ணும் அப்படியே போகும்.

லூப்பேக்குகளை மட்டும் சுருக்கவில்லை. அவை 10.20.255.0-வில், எந்த ரேஞ்சுக்கும் வெளியே, ஒவ்வொன்றும் /32 ஆகவே வேலூருக்கு வருகின்றன. ஐபிசெக் டனல்கள் (பூட்டு போட்ட இணைப்புகள்) அவற்றில்தான் முடிகின்றன. அவற்றையும் /20-க்குள் வைத்திருந்தால் பேரணாம்பட்டு ரவுட்டர் செத்தாலும் வேலூர் டேபிளில் ரூட் உயிரோடு நிற்கும், டனல் தன் எதிர்முனை போனது தெரியாமல் டைமர் தீரும் வரை காத்திருக்கும்.

முடிவில் ஏற்றுக்கொண்ட சோதனை இப்படி அமைந்தது. இரண்டு ஆம்பூரிலும் ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் அடித்து, 10.20.32.0/20-க்குப் பக்கத்தில் ஆக்டிவ்(50) அட்வர்டைஸ் என்று இருப்பதைப் பார்த்தார்கள். பாஸிவ் என்று வந்தால் உள்ளே ஒரு சப்நெட்கூட இல்லை என்று பொருள், பெரும்பாலும் ஏரியா எண் தவறாக இருக்கும். பிறகு வேலூரிலிருந்து பேரணாம்பட்டுக்கு விடாமல் பிங் ஓடவிட்டு, ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். ரேடியோவின் மின்சாரத்தை நிறுத்தியபோது டெட் டைமர் தீரும் 40 நொடிக்குள் பாதை வாணியம்பாடி வழியாகத் திரும்பியது, ஆற்காடு ரவுட்டரின் லாகில் ஒரு வரியும் ஏறவில்லை. வாணியம்பாடி லீஸ்டு லைனைப் பிடுங்கியபோது பிங் ஆம்பூர்-1-க்கு வந்து, புது விலேன் வழியாக ஆம்பூர்-2-க்குத் தாண்டி, ரேடியோவில் பேரணாம்பட்டை அடைந்தது. கடைசியாக ஆம்பூர்-1-ன் 100 எம்பிபிஎஸ் லைன். பிடுங்கியதும் வேலூர் டேபிளில் /20-க்கு எதிரே காஸ்ட் 150 போய் 550 வந்து நின்றது.